சளி மாத்திரை போட்டால்கூடப் பதக்கம் போய்விடுமா?

போயிருக்கிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆண்ட்ரியா ரடுகான், 16 வயதுப் பெண், ஜிம்னாஸ்டிக்ஸில் தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கம் வென்றார். ஜலதோஷத்துக்கு அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருந்தது. மூக்கடைப்பைப் போக்கும் சாதாரண மருந்துதான். ஆனால் ஊக்கமருந்துப் பட்டியலிலும் இருந்தது. தங்கம் பறிபோனது, மேல்முறையீடும் தோற்றது.

உடலுக்குள் என்ன போனாலும் வீரரே பொறுப்பு என்பது விதி. யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பதெல்லாம் தடைக்காலத்தைக் குறைக்க உதவலாம். அந்தப் போட்டியின் முடிவைக் காப்பாற்றாது. எனக்கு இது கொடுமையாகவே படுகிறது. வேடிக்கை என்னவென்றால், 2004இல் அதே மருந்தைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்; 2010இல் திரும்பச் சேர்த்தார்கள். இப்போது போட்டிக் காலத்தில் மட்டும், சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் குற்றம்.