முகத்தை எண்ணுங்கள்: ஆபத்தான விலங்குகளோடு வேலை செய்வது பற்றிக் கேள்வி பதில்

இருபத்தாறு ஆண்டுகள் உயிரியல் பூங்காக்களில் வேலை பார்த்தேன். முதலில் சிங்கங்கள், பிறகு யானைகள், கடைசிப் பதினான்கு ஆண்டுகள் நச்சுப் பாம்புகள். காட்டு விலங்குகளோடு வேலை செய்து உயிரைப் பணயம் வைப்பது பொறுப்பற்ற செயலா என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். சில கேள்விகள் கோபமாக வந்திருக்கின்றன, சில அழுகையாக. மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, என் மகளுக்கு 24 வயது. பாம்பு ஆராய்ச்சிக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். பெற்றவர்களை நினைக்காமல் இப்படி ஒரு வேலைக்குப் போவது சுயநலம் இல்லையா? எனக்கு இரவில் தூக்கமே வருவதில்லை.

உங்கள் பயம் நியாயமானது. என் அம்மாவும் அப்படித்தான் விழித்துக் கிடந்தார். ஆனாலும் சுயநலம் என்ற சொல்லை அவள் தலையில் வைத்துவிடாதீர்கள். எப்படிச் செய்கிறாள், யாரோடு செய்கிறாள் என்று கேளுங்கள்.

ஜோ ஸ்லொவின்ஸ்கி என்ற அமெரிக்கப் பாம்பியல் அறிஞர் 2001 செப்டம்பரில் மியான்மரின் வடகோடிக் காட்டில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். உதவியாளர் ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே இருப்பது கட்டுவிரியனைப் போலவே தோற்றமளிக்கும் நஞ்சில்லாத பாம்பு என்று நினைத்துக் கையை விட்டார். இருந்தது கட்டுவிரியனேதான். அதன் நஞ்சு தசைகளை முடக்கும். மூச்சு இழுக்கும் தசைகளும் அதில் அடக்கம். அவர் மூச்சு நின்ற பிறகு நண்பர்கள் மணிக்கணக்கில் வாயோடு வாய் வைத்து ஊதினார்கள். மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் வந்து சேர முடியவில்லை. 38 வயதில் இறந்துபோனார்.

அவர் விவரம் தெரியாதவர் இல்லை. அந்த நாட்டுப் பாம்புகளைப் பற்றி அவரளவுக்கு அறிந்தவர்கள் மிகக் குறைவு. இது எனக்குத் தெரிந்த பாம்பு என்ற நினைப்புத்தான் கையை உள்ளே கொண்டுபோனது.

ஆகவே மகளிடம் இவற்றைக் கேளுங்கள். பையைக் கட்டியவர் அதன் மேல் பாம்பின் பெயரை எழுதுகிறாரா? பெயர் எழுதியிருந்தாலும் நஞ்சுள்ளது என்று கருதித்தான் அவிழ்க்கிறார்களா? அங்குள்ள பாம்புகளுக்கு உரிய விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது, போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? உடம்பு சரியில்லாத நாளில் "இன்று நான் பாம்பைத் தொட மாட்டேன்" என்று அவளால் சொல்ல முடிகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவள் தயங்கினால், கவலைப்பட வேண்டியது அந்தக் குழுவைப் பற்றி.

கேள்வி: ஸ்டீவ் இர்வினைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இரண்டு சிறு குழந்தைகளின் அப்பா அப்படி உயிரைப் பணயம் வைத்தது சரியா?

முதலைகளோடு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திப் புகழ்பெற்ற ஆஸ்திரேலியர் அவர். இறந்தது 2006 செப்டம்பர் 4, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடலில். திருக்கை மீனின் முள் மார்பில் பாய்ந்தது. திருக்கையால் மனிதர் சாவது மிக அரிது. அந்த மரணத்தை வைத்து அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் 2004 ஜனவரியில், பிறந்து ஒரு மாதமே ஆன மகனை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் முதலைக்கு இறைச்சி ஊட்டினார். அது தவறு. அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. தன் உயிரைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை இருந்தது, குழந்தையின் உயிரை வைக்க இல்லை. அதன் பிறகு குயின்ஸ்லாந்து அரசு முதலைக் கூண்டுகளுக்குள் குழந்தைகளைக் கொண்டுபோகத் தடை விதித்தது. முதலைகளை வெறுத்தவர்களைக்கூட அவற்றை நேசிக்க வைத்தவர் அவர். அதற்காக நான் அவருக்குக் கடன்பட்டவள். அதற்காக இதை மூடி மறைக்கவும் மாட்டேன்.

கேள்வி: அன்போடு நெருங்கினால் எந்த விலங்கும் ஒன்றும் செய்யாது. பயப்படுகிறவர்களைத்தான் தாக்கும். நீங்கள் பயத்தை வளர்க்கிறீர்கள்.

திமோத்தி ட்ரெட்வெல் இப்படித்தான் நம்பினார். அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவில் பதின்மூன்று கோடைக் காலங்கள் பழுப்புக் கரடிகளின் நடுவே கூடாரம் அடித்து வாழ்ந்தார். 2003 அக்டோபரில் ஒரு கரடி அவரையும் கூட இருந்த தோழியையும் கொன்றது. குளிர்கால உறக்கத்துக்கு முன் கரடிகள் இரை தேடி அலையும் காலம் அது.

உடலை மீட்க வந்தவர்கள் இரண்டு கரடிகளைச் சுட்டுக் கொன்றார்கள். யாரைக் காக்கிறேன் என்று அவர் அங்கே போனாரோ, அந்தக் கரடிகளே செத்தன. இர்வின் இறந்த பிறகும் குயின்ஸ்லாந்து கடற்கரைகளில் வால் அறுக்கப்பட்ட திருக்கைகள் ஒதுங்கின. மனிதன் காயம்பட்டால் விலங்கு தண்டிக்கப்படும். நீங்கள் உண்மையாகவே அதை நேசிப்பவராக இருந்தால், அது உங்களைக் கடிக்க வாய்ப்பே தராமல் இருப்பதுதான் நீங்கள் காட்டக்கூடிய முதல் அன்பு.

கேள்வி: உங்களை எத்தனை முறை பாம்பு கடித்திருக்கிறது?

ஒரு முறை. என் தவறு. மியாமியில் பாம்புப் பண்ணை நடத்திய பில் ஹாஸ்ட் 170 முறைக்கு மேல் கடிபட்டு 100 வயது வரை வாழ்ந்தார் என்று என்னிடம் பலர் எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான், அவருடைய ரத்தம் பலரைக் காப்பாற்றவும் பயன்பட்டது. ஆனால் முதல் கடியிலேயே போனவர்கள் யாரும் நம்மோடு பேச வருவதில்லை.

கேள்வி: நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். ஒருவர் விரும்பி ஆபத்தில் இறங்கினால் அவரைக் காப்பாற்ற மற்றவர்களும் ஆபத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை.

வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சிங்கப் பிரிவில் எனக்கு ஆறாவது ஆண்டு. காலையில் வெளித்திடலைக் கழுவ வேண்டும். அதற்கு முன் இரண்டு பெண் சிங்கங்களும் இரவுக் கூண்டுக்குள் இருப்பதை உறுதி செய்துகொண்டு இடைக்கதவை இறக்கிப் பூட்ட வேண்டும். உள்ளே ஒரு மரப் பரண். அதன் இந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது, அந்தப் பக்கம் ஒரு வால் தெரிந்தது. இரண்டு என்று எண்ணினேன். பூட்டினேன். வெளித்திடலின் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். "இரண்டு முகத்தையும் காட்டு" என்றார் என்னோடு இருந்த மூத்த பராமரிப்பாளர். திரும்பிப் போய்ப் பார்த்தேன். தலையும் வாலும் ஒரே சிங்கத்துடையவை. மற்றது வெளித்திடலில், புதருக்குப் பின்னால் வெயிலில் படுத்திருந்தது.

நான் அன்று உள்ளே போயிருந்தால் என் பின்னால் அவரும் ஓடி வந்திருப்பார். அவருக்கு அப்போது மூன்று குழந்தைகள். எனவே உங்களை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்: இந்த வேலையில் தனி மனிதரின் ஆபத்து என்று ஒன்று கிடையாது. அன்றிலிருந்து நான் முகத்தை மட்டும்தான் எண்ணினேன், அதுவும் பெயரைச் சத்தமாகச் சொல்லி. புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களிடம் ஒரு மாதத்துக்குச் சாவியைக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: விலங்குகளை அவற்றின் பாட்டுக்கு விட்டுவிட்டால் என்ன? யாருமே நெருங்க வேண்டாமே.

நாம் நெருங்காவிட்டாலும் அவை நம்மை நெருங்குகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள். பெரும்பாலோர் வயலில் வேலை செய்யும் ஏழைகள், குழந்தைகள். அவர்களைக் காப்பாற்றும் மருந்து எங்கிருந்து வருகிறது? ஒருவர் பாம்பின் தலையைப் பிடித்து, கண்ணாடிக் குடுவையின் வாயில் கட்டிய மெல்லிய தாளின் மேல் கடிக்க வைக்கிறார். மஞ்சள் நிறத்தில் சில சொட்டுகள் விழும். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஊசி வழியே செலுத்தினால் குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும். அதைப் பிரித்தெடுப்பதுதான் விஷமுறிவு மருந்து. அந்த முதல் சொட்டுக்காக யாரோ ஒருவரின் விரல்கள் பல்லுக்கு மிக அருகில் இருந்தே ஆக வேண்டும். அவரைப் பொறுப்பற்றவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அதே சமயம், தேவையில்லாத நெருக்கத்தைக் குறைக்க முடிந்த இடங்களில் குறைத்துமிருக்கிறோம். நான் யானைப் பிரிவுக்குப் போனபோது பாகன் போல அதன் பக்கத்தில் நின்றுதான் நகம் வெட்டுவோம். பிறகு தடுப்புக் கம்பிகளுக்கு வெளியே நின்று வேலை செய்யும் முறை வந்தது. நுனியில் பந்து வைத்த கோலை நீட்டினால் யானை அதைத் தொடும், தொட்டால் பழம். சில மாதங்களில் அதுவாகவே இடைவெளி வழியே காலை நீட்டி நகம் வெட்ட நின்றது, காதைக் காட்டி ரத்தம் எடுக்க விட்டது. விருப்பம் இல்லாத நாளில் திரும்பிப் போய்விடும். போகட்டும் என்று விட்டுவிடுவோம். யானையின் அன்பு போய்விடுமே என்று நானும் முதலில் முரண்டு பிடித்தவள்தான். போகவில்லை.

கேள்வி: தெரிந்துதானே வேலைக்குச் சேருகிறார்கள்? விபத்து நடந்தால் நிறுவனத்தைக் குறை சொல்வது ஏன்?

2010 பிப்ரவரி 24 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் உள்ள சீவேர்ல்டு என்ற கடல் விலங்குப் பூங்காவில் டில்லிகம் என்ற ஆர்க்கா திமிங்கிலம் பயிற்சியாளர் டான் பிராஞ்சோவைத் தண்ணீருக்குள் இழுத்துக் கொன்றது. அவர் மிகுந்த அனுபவசாலி. அந்த ஆர்க்காவுக்கு அதற்கு முன்பே இரண்டு மரணங்களில் தொடர்பு இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும். பயிற்சியாளர் விரும்பித்தான் வந்தார் என்பதால் நிறுவனத்தின் கடமை தீர்ந்துவிடவில்லை என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுத்தது, 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எனக்கும் அதே கருத்துத்தான். ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் சேர்த்தவர்களுக்குப் பெரும் பங்கு பொறுப்பு உண்டு.

கேள்வி: அக்கா, நான் பாம்பு பிடிப்பவன். வெறும் கையால் நாகத்தைப் பிடித்து வீடியோ போடுகிறேன். மக்களின் பயம் போகிறது. பலர் பாம்பை அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இது நல்லதுதானே?

தம்பி, வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்காமல் எடுத்துப்போய் விடுகிறீர்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி. ஆனால் கேமரா இல்லாதபோதும் வெறும் கையால்தான் பிடிப்பீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கொக்கியால் தூக்கி, இருட்டான குழாயின் வாயைக் காட்டினால் பாம்பு தானாக உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். குழாயின் மறுமுனையில் பை. ஒரே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதைப் படம் பிடித்துப் போடுங்கள். உங்களைப் பார்த்து ஒரு பதினைந்து வயதுப் பையன் நாளை வாலைப் பிடித்துத் தூக்குவான். அவனிடம் உங்கள் பயிற்சி இருக்காது. தயவுசெய்து பழைய வீடியோக்களை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வேலைக்குக் கிளம்பும்போது வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவீர்கள்?

தனியாக ஒன்றும் சொல்லியதில்லை. எத்தனை மணிக்கு அழைப்பேன் என்று மட்டும் சொல்வேன். வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: நான் கையாளும் பாம்புகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் உரிய மருந்து, அது இருக்கும் மருத்துவமனை, என் ரத்த வகை, முதலில் அழைக்க வேண்டிய எண். என் மகனுக்கு ஒன்பது வயதானபோது அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். அம்மா உன் கையெழுத்து புரியவில்லை, அவசரத்தில் யாராவது தப்பாகப் படித்துவிடுவார்கள் என்றான். அன்று மாலையே நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பெரிய பெரிய எழுத்தில், மருந்தின் பெயரை மட்டும் சிவப்பு மையில் எழுதி, பழையதை எடுத்துவிட்டு அதை ஒட்டினான். நான் ஓய்வு பெறும் வரை அந்தத் தாள்தான் அங்கே இருந்தது.