பக்கத்து பெஞ்சில் எவ்வளவு வெயிட்? – ஒரு பவர்லிஃப்டிங் பயிற்சியாளரின் கேள்வி பதில்

பவர்லிஃப்டிங் போட்டிகளில் இறங்கியவன். எடை மாட்டிய ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்து நெஞ்சிலிருந்து தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், இந்த மூன்றும்தான் பவர்லிஃப்டிங். இப்போது பயிற்சி தருகிறேன், அவ்வப்போது நடுவராகவும் உட்காருகிறேன். ஜிம்மில் நம் பலத்தை அடுத்தவரோடு ஒப்பிடுவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்கள் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

அண்ணா, என் எடை 62 கிலோ, பெஞ்ச் பிரஸ் 70 போடுகிறேன். ரூம்மேட் 88 கிலோ, அவன் 90 போடுகிறான். உடல் எடையை வைத்துப் பார்த்தால் நான்தானே பலசாலி? அவன் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான்.

உங்கள் கணக்குப்படி நீங்கள் உங்கள் எடையைப் போல 1.13 மடங்கு, அவர் 1.02 மடங்கு. ஜெயித்தது நீங்கள்தான். ஆனால் இந்த வகுத்தல் எப்போதுமே எடை குறைந்தவர் பக்கம் சாயும். தசையின் விசை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவைப் பொறுத்தது. ஒரு உடம்பு எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு வளர்ந்தால் குறுக்குப் பரப்பு 4 மடங்குதான் ஆகும், எடை 8 மடங்கு ஆகிவிடும். அதனால் தூக்கிய எடையை உடல் எடையால் அப்படியே வகுக்காமல், உடல் எடையின் மூன்றில் இரண்டு அடுக்கால் (கன மூலத்தின் வர்க்கத்தால்) வகுப்பது நியாயம். அப்படிச் செய்தால் உங்களுக்கு 4.47, அவருக்கு 4.55. நூலிழையில் அவர் முன்னே நிற்கிறார். சமம் என்றே வைத்துக்கொண்டு சண்டையை முடியுங்கள்.

பெரிய மேடையிலும் இதே கதைதான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் நைம் சுலைமானோக்லு 60 கிலோ பிரிவில் 190 கிலோவை கிளீன் அண்ட் ஜெர்க் (தரையிலிருந்து தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) செய்தார். உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2021 தாஷ்கண்ட் உலகப் போட்டியில் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே அதே முறையில் தூக்கியது 267 கிலோ. அவர் எடை 170 கிலோவுக்கு மேல், ஆக இரண்டு மடங்குகூட வராது. அதற்காக அவரைச் சுமாரான ஆள் என்று பளு தூக்குதல் தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தச் சிக்கலுக்காகத்தான் பளு தூக்குதலில் சின்க்ளேர் என்றும், பவர்லிஃப்டிங்கில் வில்க்ஸ் என்றும் சூத்திரங்கள் வந்தன. சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனம் 2019-இல் வில்க்ஸைக் கைவிட்டு, தனக்கென்று ஒரு புள்ளி முறையை வைத்துக்கொண்டது. ஜிம் நண்பர்களுக்குள் போட்டி என்றால் டாட்ஸ் என்ற கணக்கு போதும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

என்னோடு வருபவர் 60 கிலோவில் 10 முறை போடுகிறார். நான் 70 கிலோவில் 5 முறை. யார் மேல்?

எப்லி சூத்திரம் என்று ஒன்று உண்டு. எத்தனை முறை போட்டீர்களோ அதை 30-ஆல் வகுத்து, 1 கூட்டி, வெயிட்டால் பெருக்க வேண்டும். அவருக்கு 80, உங்களுக்கு 82 கிட்ட வருகிறது. ஒரே ஒரு முறை என்றால் இவ்வளவு தூக்கலாம் என்பதற்கான ஊகம்தான் அது, 10 முறைக்கு மேல் போனால் நம்ப முடியாது. இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

பழைய ஜிம்மில் 80 போட்டேன். புது ஜிம்மில் 70-க்கே மூச்சு வாங்குகிறது. பலம் குறைந்துவிட்டதா மாஸ்டர்?

முதலில் ராடைச் சந்தேகப்படுங்கள். போட்டிக்கான ராடு 20 கிலோ. நம் ஊரில் பல சின்ன ஜிம்களில் இருக்கும் ஒல்லியான ராடுகள் அதில் பாதிகூட இருக்காது, ஆனால் எல்லோரும் 20 என்றே கணக்குப் போடுவார்கள். எடை பார்க்கும் மெஷினில் ராடை நிறுத்திப் பாருங்கள். பிளேட்டையும் ஒன்றிரண்டு வைத்துப் பாருங்கள், மேலே அச்சடித்திருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மெஷின்கள் இன்னும் மோசம். 45 டிகிரி சாய்ந்த லெக் பிரஸ்ஸில் 200 கிலோ பிளேட் ஏற்றினால் கால் உணர்வது சுமார் 141 கிலோதான் (தள்ளும் பலகையின் எடை தனி). கேபிள் மெஷினில் இரட்டைக் கப்பி இருந்தால் போட்ட எடையில் பாதிதான் கைக்கு வரும். ஸ்மித் மெஷின் (ராடு தண்டவாளத்தில் ஏறி இறங்கும் மெஷின்) சிலவற்றில் ராடின் எடையைத் தாங்கிப் பிடிக்க எதிர் எடை தொங்கும். ஆக, வேறு ஜிம் ஆளோடு மெஷின் எண்ணை ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். ஒரே ஜிம்மில், ஒரே மெஷினில் என்றால் சரி.

மச்சான் பெஞ்சில் ராடைப் பாதிதான் இறக்குகிறான், 100 போடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்கிறான்.

போட்டியில் ராடு நெஞ்சைத் தொட்டு அசையாமல் நிற்க வேண்டும், நடுவர் ‘பிரஸ்’ என்று சொன்ன பிறகுதான் தள்ள வேண்டும். ஸ்குவாட் என்றால் இடுப்பு மடிப்பு முட்டியின் மேல்பகுதிக்குக் கீழே போக வேண்டும். மச்சானை ஒரு தடவை அப்படிப் போடச் சொல்லிப் பாருங்கள். போட்டியில் பாதி இறக்கினால் மூன்று சிவப்பு விளக்கு, அதாவது செல்லாது. உறவு முறிந்தால் நான் பொறுப்பில்லை.

சார், நானும் கணவரும் ஒரே நாளில் ஜிம்மில் சேர்ந்தோம். அவர் பெஞ்சில் 60, நான் 30-ஐத் தாண்டவில்லை. பயிற்சியில் ஏதாவது தப்பா?

தப்பே இல்லை. மேல் உடம்பின் பலத்தில் பெண்களின் சராசரி ஆண்களில் பாதிக்குச் சற்று மேல். கால்களில் அந்த இடைவெளி குறைவு, மூன்றில் இரண்டு பங்கு வரை வரும். பெண்களுக்குத் தசை தோளிலும் மார்பிலும் ஒப்பீட்டில் குறைவு, இடுப்பிலும் தொடையிலும்தான் அதிகம். கணவரோடு ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் பெஞ்சை விட்டுவிட்டு ஸ்குவாட்டில், உடல் எடையையும் கணக்கில் எடுத்து ஒப்பிடுங்கள். அவர் முகம் மாறலாம்.

இன்னொன்று. பல ஜிம்களில் 2.5 கிலோவுக்குக் கீழே பிளேட் வைத்திருப்பதில்லை. இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ கூடும். 60 போடுபவருக்கு அது சின்ன ஏற்றம், 30 போடும் உங்களுக்கு ஆறில் ஒரு பங்கு. அந்தச் சுவரில்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அரை கிலோ, 1 கிலோ பிளேட் இரண்டு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு 2021 ஆசியப் போட்டியில் 119 கிலோ கிளீன் அண்ட் ஜெர்க் செய்து உலக சாதனை படைத்தார். அந்த மேடையிலும் கடைசியில் 1 கிலோ, 1 கிலோவாகத்தான் ஏற்றுகிறார்கள்.

ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே மாஸ்டர், ஒரே சாப்பாடு (ஹாஸ்டல் மெஸ்தான்). நண்பன் டெட்லிஃப்டில் 140-க்குப் போய்விட்டான், நான் 100-இல் இருக்கிறேன். எனக்கு உடம்பே வாகாக இல்லையோ என்று தோன்றுகிறது அண்ணா.

தம்பி, இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 585 பேரை 12 வாரம் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி செய்ய வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சித் திட்டம். முடிவில் சிலருக்குப் பலம் கொஞ்சமும் ஏறவில்லை, சிலருக்கு 250 சதவீதம் வரை ஏறியிருந்தது. தசை அளவு ஒருவருக்கு 59 சதவீதம் கூடியது, இன்னொருவருக்கு 2 சதவீதம் குறைந்தேவிட்டது. ஒரே மெஸ், ஒரே மாஸ்டர் என்பதால் ஒரே பலன் வர வேண்டும் என்று உடம்புக்குச் சட்டம் எதுவும் இல்லை.

அடுத்து எலும்பு. டெட்லிஃப்டில் கை நீளமானவருக்கு ராடு பயணம் செய்யும் தூரம் குறைவு. அமெரிக்காவின் லாமர் கான்ட் 1985-இல் 60 கிலோ எடைப் பிரிவில் 300 கிலோ டெட்லிஃப்ட் செய்தார். உடல் எடையைப் போல 5 மடங்கு தூக்கிய முதல் ஆள். அவருக்கு நீண்ட கைகள், போதாததற்கு முதுகெலும்பு வளைவு நோய் வேறு. நின்றால் கை, கால் முட்டி வரை வந்துவிடும். ஆனால் அதே நீளக் கை பெஞ்ச் பிரஸ்ஸில் எதிரி, ராடை அதிக தூரம் தள்ள வேண்டியிருக்கும். தொடை எலும்பு நீளமானவர் ஸ்குவாட்டில் முன்னால் குனிந்து அவதிப்படுவார். நண்பனோடு பெஞ்சிலும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள், ஒருவேளை கணக்கு திரும்பும்.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. முதல் சில மாதங்களில் ஏறும் பலத்தில் பெரும்பகுதி தசை வளர்வதால் வருவதில்லை. நரம்புகள் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால் வருகிறது. நண்பன் சின்ன வயதில் மூட்டை தூக்கியவனா, கபடி ஆடியவனா? அப்படியென்றால் நீங்கள் இருவரும் ஒரே நாளில் ஆரம்பிக்கவில்லை.

என்னைவிட ஒல்லியான ஒருவர் என்னைவிட அதிகம் தூக்குகிறார். எனக்குக் கை 16 இன்ச் சார்!

இன்ச் வேறு, கிலோ வேறு. வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 தூக்கித் தங்கம் வாங்கினார். அந்த எடையில் உங்கள் ஜிம்மிலேயே எத்தனை பேர் இருப்பார்கள். பலம் பயிற்சி செய்த அசைவில்தான் வரும்.

வயது 54. பக்கத்தில் பையன்கள் போடுவதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. இந்த வயதில் இது தேவையா?

ஐயா, பவர்லிஃப்டிங்கில் 40 வயதிலிருந்தே மாஸ்டர்ஸ் பிரிவு தொடங்கிவிடும். பத்துப் பத்து வயதாகப் பிரித்திருப்பார்கள், 70-க்கு மேலும் உண்டு. அந்தப் பையன்கள் உங்கள் பிரிவே இல்லை.

1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். முழுதாகச் செய்து முடித்த 9 பேருக்கும் பலம் சராசரியாக 174 சதவீதம் ஏறியது. ரத்த அழுத்தம், இதயம் இரண்டையும் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தாராளமாக வெயிட் போடுங்கள்.

எங்கள் ஜிம்மில் ஒருவன் மூன்றே மாதத்தில் ஆளே மாறிவிட்டான். ஸ்டீராய்டு ஊசி என்று பேசிக்கொள்கிறார்கள். நான் என்ன செய்தாலும் அவனைப் பிடிக்க முடியவில்லை.

பார்த்து மட்டும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. விட்டதை மறுபடி பிடிப்பவருக்கும் உடம்பு சீக்கிரம் திரும்பும். ஆனால் ஊசி உண்மை என்றால் அது போட்டியே இல்லை. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில் வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனை (ஆண் ஹார்மோன்) 10 வாரம் கொடுத்தார்கள். ஊசி மட்டும் போட்டு வெயிட்டையே தொடாதவர்களுக்குக் கொழுப்பில்லா உடல் எடை 3 கிலோவுக்கு மேல் கூடியது. ஊசியில்லாமல் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு 2 கிலோ அளவில்தான். சும்மா உட்கார்ந்தவன் வேர்வை சிந்தியவனைத் தாண்டிவிட்டான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 6 கிலோ.

உங்களையும் போடச் சொல்வார்கள், ‘ஒரு கோர்ஸ்தான் தம்பி’ என்று. உங்கள் உடம்பு தானாகச் சுரப்பதை அது நிறுத்திவிடும், விந்தணு குறையும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது: வேண்டாம்.

பக்கத்தில் யாராவது பார்த்தால் தானாக 10 கிலோ ஏற்றிவிடுகிறேன். போன மாதம் தோளில் பிடித்துக்கொண்டது.

பார்வையாளர் இருந்தால் கொஞ்சம் கூடத் தூக்க முடிவது உண்மைதான், போட்டி மேடையில் நாங்கள் நம்பியிருப்பதே அதைத்தான். ஆனால் மேடையில் மூன்று பேர் ராடைப் பிடிக்கத் தயாராக நிற்பார்கள். நீங்கள் தனியாகப் போடுவதென்றால் சேஃப்டி கம்பி உள்ள ரேக்கில் போடுங்கள். அது இல்லாவிட்டால் ராடின் முனையில் பிளேட் நழுவாமல் பிடிக்கும் கிளிப்பை மாட்டாதீர்கள், மாட்டிக்கொண்டால் சரித்து பிளேட்டைக் கொட்டிவிடலாம். அப்புறம், ஜிம்முக்குள் நுழையும் முன்பே அன்றைய வெயிட்டை நோட்டில் எழுதிவிடுங்கள். தோளை ஃபிசியோவிடம் காட்டினீர்களா?

ஜிம் இல்லாத காலத்தில் எதை வைத்து ஒப்பிட்டார்கள்?

கல்லை வைத்து. நம் ஊர் இளவட்டக்கல் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது ஐஸ்லாந்தில் த்யூபலோன்சாண்டுர் என்ற கடற்கரையில் கிடக்கும் நான்கு கற்கள். முழுப் பலசாலி 154 கிலோ, அரைப் பலசாலி 100, அரைப் பங்குக்காரன் 54, உதவாக்கரை 23. பெயர்களே அப்படித்தான். மீன்பிடிப் படகில் இடம் வேண்டுமென்றால் 54 கிலோ கல்லையாவது தூக்கி மேடையில் வைக்க வேண்டும். துடுப்புப் போட எவ்வளவு பலம் தேவையோ அதுதான் அளவு, அடுத்தவன் 154 தூக்கினானா என்பது படகுக்காரருக்கு வேண்டாத விஷயம்.

சராசரி ஆள் எவ்வளவு தூக்க வேண்டும்? இணைய அட்டவணை என்னை ‘தொடக்கநிலை’ என்கிறது.

அந்த அட்டவணைகளில் பல, தங்கள் வெயிட்டைத் தாங்களே பதிவு செய்பவர்களை வைத்துத் தயாரித்தவை. தெருவில் போகிறவர் யாரும் அதில் இல்லை. ஒழுங்காகச் சில வருடம் பயிற்சி செய்த ஆணுக்கு உடல் எடை அளவு பெஞ்ச், ஒன்றரை மடங்கு ஸ்குவாட், இரண்டு மடங்கு டெட்லிஃப்ட் என்பது வாய்வழிக் கணக்கு. குத்துமதிப்புக்கு அது போதும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் எவ்வளவு அண்ணா?

83 கிலோ பிரிவு, மாஸ்டர்ஸ். ஸ்குவாட் 190, பெஞ்ச் 122.5, டெட்லிஃப்ட் 215. பெஞ்சில் என் சொந்தத் தம்பி என்னைவிட 15 கிலோ கூடப் போடுகிறான். அவனுக்குக் கை குட்டை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.