எட்டு கணினிக்கு ஜியான் சர்வர் வேண்டாம்

வணக்கம் சார். அல்சூரில் எட்டு கணினி உள்ள ஆடிட்டர் ஆபீஸ், மொத்தம் 3 டிபி டேட்டா. அதன் பேக்கப்புக்குக் கடைக்காரர் ஜியான் என்ற சர்வர் பிராசசரும் 64 ஜிபி ரேமும் வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் உங்கள் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார். சாதாரண ஐ3 பிராசசர், 16 ஜிபி ரேம் தாராளம். பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம் கிடைத்தால் நல்லது.

காசை டிஸ்க்கில் போடுங்கள். 8 டிபி டிஸ்க் இரண்டு, மிரர் செய்து, அதாவது இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும்படி. வாங்கும்போது சிஎம்ஆரா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும் வகை) என்று கேளுங்கள். தடங்கள் படிந்திருக்கும் எஸ்எம்ஆர் டிஸ்க் என்றால், ஒன்று போய் மாற்றும்போது ரீபில்ட், அதாவது புது டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி நிரப்புவது, இழுத்துக்கொண்டே போகும். சிஸ்டத்துக்குத் தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டி.

நெட்வொர்க் ஜிகாபிட் போதும். நொடிக்குச் சுமார் 110 எம்பி. முதல் முழு பேக்கப் ஏழரை மணி நேரத்துக்குக் குறையாது, சனி இரவு ஓடவிடுங்கள். அப்புறம் மாறியது மட்டும்தான் போகும்.

மிரர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகும். வெளி டிஸ்க் ஒன்றில் வாரம் ஒரு நகல் எடுத்து, கழற்றி வீட்டில் வையுங்கள். யுபிஎஸ் கட்டாயம். பெங்களூரில் மழை வந்தால் கரண்ட் படும் பாடு உங்களுக்கே தெரியும்!