முழு வான்கோழிக்கு இந்த வருடம் விடுப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்க நன்றி நவிலும் நாள்) விருந்து இந்த முறையும் எங்கள் வீட்டில்தான், மொத்தம் ஆறு பேர். போன வருடம் 16 பவுண்டு வான்கோழியை முழுசாகச் சுட்டேன். நெஞ்சுக்கறி நார் நாராகப் போய்விட்டது, தொடையில் எலும்போரம் வேகவே இல்லை. மாமியார் ஒன்றுமே சொல்லாமல் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார், அதுதான் இன்னும் உறுத்துகிறது. முழுப் பறவை இல்லாமல் ஒப்பேற்ற வழி உண்டா?
– ஒரு வாசகி, அமெரிக்கா

பதில்: தாராளமாக உண்டு. உங்கள் கைப்பக்குவத்தையும் சந்தேகப்பட வேண்டாம், அந்தப் பறவையின் உடம்பு வாகே அப்படி. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, கறியின் உள்சூடு 165 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலே வறள ஆரம்பித்துவிடும். தொடையும் காலும் நடந்து நடந்து இறுகிய தசை, 175, 180 வரை போனால்தான் இளகும். இரண்டையும் ஒரே ஓவனில் ஒரே நேரத்தில் சரியாக எடுப்பது அனுபவசாலிகளுக்கே சவால். எனவே பிரச்சினை வான்கோழியில் இல்லை, அதை முழுசாக வைப்பதில்தான்.

நான் செய்வது இதுதான். எலும்போடு ஆறு பவுண்டு நெஞ்சுக்கறி ஒன்று, கால்கள் மூன்று என்று தனித்தனியாக வாங்கிவிடுவேன். கால்களை முந்தின நாளே உப்பு, மிளகு தடவிச் சிவக்க வறுத்து, வெங்காயம், செலரி, கொஞ்சம் சூப் தண்ணீர் சேர்த்து மூடி, ஓவனில் 325 டிகிரியில் எலும்பிலிருந்து கழன்று வரும்வரை, சுமார் இரண்டு மணி நேரம் விடுவேன். அந்தச் சாறுதான் மறுநாள் கிரேவி, தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். நெஞ்சுக்கறிக்கும் முந்தின இரவே உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் காய்ந்து நன்றாக மொறுமொறுக்கும். விருந்தன்று அதை மட்டும் அதே 325-இல் இரண்டு மணி நேரம்போலச் சுட்டால் போதும். ஆனால் மணியைப் பார்க்காதீர்கள், கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பாருங்கள். கோழி இனம் எதுவானாலும் 165 என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. அந்தக் குச்சி வீட்டில் இல்லையென்றால் வான்கோழிக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

ஆறு பேர்தான் என்பதால் இன்னொன்றும் சொல்வேன்: நாலு பவுண்டு கோழி இரண்டு. ஒன்றேகால் மணி நேரத்தில் வெந்துவிடும், நாலு கால் இருப்பதால் குழந்தைகள் சண்டையும் பாதி குறையும். மேசை வெறிச்சென்று இருக்குமோ என்ற கவலையே வேண்டாம், ஒரே தட்டில் இரண்டு முழுக் கோழி அம்சமாகத்தான் இருக்கும்.

வாத்து? ருசி அபாரம், ஆனால் ஐந்து பவுண்டு வாத்து மூன்று பேருக்கு மேல் காணாது, பாதி கொழுப்பாக உருகி ஓடிவிடும் (கொட்டிவிடாதீர்கள், உருளைக்கிழங்கு வறுக்க அதற்கு ஈடில்லை). ஹாம் (பதப்படுத்திய பன்றித்தொடை) பெரும்பாலும் வெந்தே வருகிறது, சூடாக்கினால் போதும், சோம்பேறிகளின் தெய்வம். ஆனால் வருகிறவர்கள் பன்றிக்கறி சாப்பிடுவார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஆளுக்கொன்றாகக் கார்னிஷ் கோழி என்ற குட்டிக் கோழி வைப்பது போட்டோவுக்கு அழகு. நல்ல உடுப்போடு எலும்போடு மல்லுக்கட்டுவது அழகல்ல.

கேள்வி: விருந்துக்கு வருகிறவர்களில் இரண்டு பேர் சைவம். தொட்டுக்கொள்ள வைக்கும் காய்கறியே அவர்களுக்குப் போதாதா?

பதில்: போதாது. நம்மை யாராவது வெறும் பொரியலும் அப்பளமும் வைத்து உட்காரவைத்தால் என்ன நினைப்போம்? பட்டர்நட் பூசணியை இரண்டாகப் பிளந்து சுட்டு, உள்ளே வதக்கிய காளான், சோறு, வால்நட் வைத்து மறுபடி பத்து நிமிடம் ஓவனில் காட்டுங்கள், ஆளுக்குப் பாதி. இதைவிட முக்கியம், மற்ற பதார்த்தங்களில் ஒளிந்திருக்கும் அசைவம். ஸ்டஃபிங்கில் (ரொட்டித் துண்டுக் கலவை) கோழி சூப் ஊற்றியிருப்போம், கிரேவி கேட்கவே வேண்டாம், சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் தூவும் மார்ஷ்மெல்லோவில்கூட வழக்கமாக ஜெலட்டின் இருக்கும், அது மாடு, பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. அவர்களுக்குக் காளான் கிரேவி ஒரு கிண்ணம் தனியாகச் செய்துவிடுங்கள். அப்புறம் பாருங்கள், அசைவக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: இதெல்லாம் சரி, நான் ஏற்கெனவே 14 பவுண்டு உறைந்த வான்கோழியை வாங்கி ஃபிரீசரில் போட்டுவிட்டேனே!

பதில்: ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், சாறு சொட்டாமல் இருக்க ஒரு தட்டின் மேல் வைத்து இளக விடுங்கள். நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு, ஆக மூன்று நாளுக்கு மேல் பிடிக்கும். விருந்து வியாழக்கிழமை என்பதால் ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடுங்கள், சமையல் மேடையில் வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். மறந்துபோனால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். பவுண்டுக்கு அரை மணி, மொத்தம் ஏழு மணி நேரம். இளகியதும் நல்ல கனமான கத்தரிக்கோலால் முதுகெலும்பை வெட்டி எடுத்து, நெஞ்சை அழுத்தித் தட்டையாக விரித்துச் சுடுங்கள். வழக்கமான நேரத்தில் பாதிதான் ஆகும். ஓவனுக்குள் அந்த அகலத்துக்குத் தட்டு போகுமா என்று மட்டும் இன்றைக்கே அளந்துவிடுங்கள்.