பெயருக்கு முன்னால் ஒரு ‘ஸ்ரீ’ சேர்த்துவிட்டார்!

கேள்வி: மணப்பாறையில் மாமியார் காலத்திலிருந்து முறுக்கு போட்டு விற்கிறோம். மாமியார் பெயரேதான் முறுக்குக்கும் பெயர். திருச்சி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு கடைகளில் எங்கள் மஞ்சள் கவரைப் பார்த்துக் கேட்டு வாங்குவார்கள். எங்களிடம் வேலை பார்த்த ஒருவர் இப்போது தனியாக அடுப்பு போட்டு, அதே பெயருக்கு முன்னால் ஒரு ‘ஸ்ரீ’ சேர்த்து, அதே மஞ்சள் கவரில் விற்கிறார். கடைக்காரர்களே குழம்புகிறார்கள். “பேடன்ட் வாங்கிவிடலாம், சிறுதொழிலுக்கு மத்திய அரசே பணம் தருகிறது” என்கிறான் மகன். “அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு” என்கிறார் கணவர். ஏஜென்ட் ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். யார் சொல்வது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மணப்பாறை

பதில்: அன்புச் சகோதரி, மகன் சொல்வதில் பாதி சரி. பேடன்ட் என்பது புதிய கண்டுபிடிப்புக்கு. வழிவழியாக வரும் பக்குவத்துக்கு அது கிடைக்காது. உங்கள் மாவு, ஓமம், எள் அளவை யாரிடமும் சொல்லாமல் காப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. நம் நாட்டில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அதனால் மாவு கலக்கும் வேலையை யார் கையில் விடுகிறீர்கள் என்பதில் கொஞ்சம் கவனமாக இருங்கள். உங்களிடமிருந்து இப்போது போயிருப்பது பக்குவம் அல்ல, பெயர். பெயருக்கு டிரேட்மார்க், அதாவது வணிகக் குறியீட்டுப் பதிவு.

அரசு பணம் தருகிறதா? தருகிறது. 2016 மே மாதம் மத்திய அரசு தேசிய அறிவுசார் சொத்துரிமைக் கொள்கையைக் கொண்டுவந்தது. பேடன்ட், டிரேட்மார்க் எல்லாம் இந்த உரிமையில் அடக்கம். அதன் ஏழு நோக்கங்களில் முதலாவது, மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துவது. 2021 டிசம்பரில் ஓர் இயக்கமே தொடங்கி 10 லட்சம் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மாணவனுக்கு இழக்க இன்னும் பிராண்டு இல்லை. பிராண்டு வைத்திருப்பவர் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறார், அவரைத் தேடி யாரும் வரவில்லை. உங்கள் கணவர் அப்படி நினைப்பதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு உதவும் சலுகைகள் இரண்டு. ஒன்று, கட்டணம். ஆன்லைனில் டிரேட்மார்க் விண்ணப்பத்துக்குப் பெரிய நிறுவனங்கள் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 9,000 ரூபாய் கட்ட வேண்டும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500. சிறு நிறுவனம் என்று காட்ட, மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழ் போதும். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் நீங்களே பதிந்துகொள்ளலாம், அதற்கு ஒரு பைசா கிடையாது. அதையும் ஏஜென்ட் பில்லில் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். 18,000-ல் அரசுக்குப் போவது 4,500. மீதி 13,500 அவர் உழைப்புக்கு. பேரம் பேசலாம்.

இரண்டாவது, மகன் சொன்ன பணம். சிறுதொழில் அமைச்சகம் 2022-ல் தொடங்கிய திட்டத்தில், டிரேட்மார்க்குக்கு 10,000 ரூபாய் வரை, உள்நாட்டுப் பேடன்ட்டுக்கு ஒரு லட்சம் வரை திருப்பித் தருகிறார்கள். ‘திருப்பி’ என்பதைக் கவனியுங்கள். முதலில் உங்கள் கைக்காசைப் போட்டு, பதிவும் ஆன பிறகுதான் கேட்க முடியும். அதை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள். மாநில அரசு பக்கம் என்ன மானியம் உண்டு என்பதைத் திருச்சி மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய விஷயம் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. நம் சட்டத்தில், முதலில் விண்ணப்பித்தவரைவிட முதலில் அந்தப் பெயரைப் பயன்படுத்தியவருக்குப் பலம் அதிகம். அதை வாயால் சொன்னால் போதாது, தேதியோடு தாள் வேண்டும். கவர் அச்சடித்த பிரஸ் பில், ஃபுட் லைசென்ஸ், ஜிஎஸ்டி பில்கள், கோவில் திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம், பஸ் ஸ்டாண்டு கடைக்காரரின் பற்று நோட்டில் உங்கள் முறுக்கு பெயர் இருக்கும் பக்கம் என்று எதையும் விடாதீர்கள். பெயரும் தேதியும் சேர்ந்து இருக்கும் தாள்தான் பேசும். ‘முறுக்கு - 40 பாக்கெட்’ என்று மட்டும் எழுதிய பில்லால் பெரிய பயனில்லை. இனிமேல் போடும் ஒவ்வொரு பில்லிலும் பிராண்டு பெயர் இருக்கட்டும். இன்ன வருடத்திலிருந்து விற்கிறோம் என்று விண்ணப்பத்தில் சொல்லும்போது, இவற்றை இணைத்து ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பிக்கும் முன், டிரேட்மார்க் இணையதளத்தில் 30-ஆம் வகுப்பில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். முறுக்கு, மிக்சர் எல்லாம் அந்த வகுப்புதான். தேடுவதற்குக் காசு இல்லை. அந்த ‘ஸ்ரீ’காரர் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்படியிருந்தால், டிரேட்மார்க் இதழில் அது வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பின்னால் பெரிய செலவு.

பெயரை முதலில் வெறும் எழுத்தாகப் பதியுங்கள், மஞ்சள் கவரின் படத்தோடு அல்ல. எழுத்தாகப் பதிந்தால் எந்த நிறத்தில், எந்த வடிவத்தில் வைத்தாலும் பெயர் உங்களுடையது. கவரைத் தனியாகப் பிறகு பதியலாம்; அது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு 4,500. கவரை வரைந்துகொடுத்தவரிடம் அதன் உரிமையை ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். தமிழில் பதிவதென்றால் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்தில் தர வேண்டும். ஏஜென்ட் வழியாகப் போனாலும் உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்ப எண்ணை வாங்கி, மாதம் ஒருமுறை நீங்களே நிலவரம் பாருங்கள். டிரேட்மார்க் அலுவலகத்திலிருந்து ஆட்சேபனைக் கடிதம் வந்தால் 30 நாளில் பதில் போக வேண்டும். ஏஜென்ட் பார்க்காமல் விட்டதால் செத்துப்போன விண்ணப்பங்கள் ஏராளம். அப்புறம், வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது பதிவு ஆன பிறகுதான். அதற்கு முன்னால் போட்டால் சட்டப்படி தவறு. அதுவரை ‘டிஎம்’ போடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. ‘மணப்பாறை’ என்ற ஊர்ப் பெயரை உங்களுக்கு மட்டும் சொந்தமாக்க முடியாது. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அது ஊரில் முறுக்கு போடும் எல்லோருக்கும் பொது. ஆனால் சட்டப்படி அதைப் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உங்கள் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். கட்டணம் முன்பு 500 ரூபாய். 2020-ல் 10 ரூபாயாக்கிவிட்டார்கள். இத்தனை திட்டத்திலும் எனக்குப் பிடித்தது இந்தப் பத்து ரூபாய்தான். விண்ணப்பம் சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்குப் போக வேண்டும். வெளியூரில் சுட்டு ‘மணப்பாறை முறுக்கு’ என்று விற்பவரைத் தட்டிக்கேட்கும் உரிமையும் இதில் வருகிறது.

சரி, அந்த முன்னாள் வேலைக்காரர்? முன்னால் ‘ஸ்ரீ’, பின்னால் ‘நியூ’ என்று சேர்த்தால் பெயர் மாறிவிட்டது என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். வாங்குபவர் குழம்புகிறாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். பதிவு இல்லாமலே, உங்கள் பொருள் என்று நம்பவைத்து விற்கிறார் என வழக்குப் போட முடியும். அதற்கு முன் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் மஞ்சள் கவர் ஒன்றைப் பில்லோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாறிப்போய் வாங்கிய கடைக்காரர் ஒருவர் எழுதிக்கொடுத்தால் இன்னும் நல்லது. பல சின்ன விவகாரங்கள் நோட்டீசோடு முடிந்துவிடும், கவர் நிறமும் மாறிவிடும். மாறாவிட்டால் வழக்கு. உங்கள் பெயர் பதிவானதும் அந்த உரிமை விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்கு. அதனால் நோட்டீசுக்குப் பதில் வரட்டும் என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

விண்ணப்பித்த சில வாரங்களில், அரசு முத்திரை போலவே ஒன்றைப் போட்டு, ‘உடனே இவ்வளவு கட்டாவிட்டால் விண்ணப்பம் ரத்து’ என்று கடிதமோ மெயிலோ வரலாம். விண்ணப்பதாரரின் முகவரி எல்லோரும் பார்க்கும்படி இணையதளத்தில் இருக்கும், அதை எடுத்து அனுப்புகிறார்கள். உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கடிதம் அங்கே இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள்.