ஐரோப்பாவில் பத்திரிகைச் சுதந்திரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐரோப்பாவில் பேப்பர் தொடங்க அரசிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலான நாடுகளில் வேண்டாம். இங்கிலாந்தில் அச்சுக்கு லைசென்ஸ் கேட்ட சட்டம் 1695-லேயே காலாவதியாகிவிட்டது. டிவி, ரேடியோ கதை வேறு. அவற்றுக்கு உரிமமும் உண்டு, நிபந்தனையும் உண்டு. லண்டன் பேப்பர் ஒன்று தேர்தலில் ஒரு கட்சிக்காக முதல் பக்கத்தில் கூச்சல் போடலாம். அதையே டிவி செய்தியில் செய்தால் ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு விசாரிக்கும்.

கேள்வி: பிரதமர் ஓர்பான் ஆட்சியில் ஹங்கேரி நிருபர்களைச் சிறையில் தள்ளியதாகப் படித்த நினைவில்லை. அப்புறம் ஏன் சுதந்திரம் போச்சு என்கிறார்கள்?

பதில்: சிறைக்குத் தேவையே இருக்கவில்லை. 2010-இல் ஆளுங்கட்சிக்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டு வந்த ஊடகச் சட்டப்படி, அந்தப் பலம் இருந்தால் ஊடகங்களை மேற்பார்க்கும் ஊடக மன்றத்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஐந்து பேரும் ஆளுங்கட்சி கைகாட்டிய ஆட்கள், பதவிக்காலம் ஒன்பது ஆண்டு. அடுத்தது பணம். அரசு விளம்பரம் ஆட்சிக்கு வேண்டியவர்களுக்குக் கொட்டியது, மற்றவர்களுக்கு வற்றியது.

2016 அக்டோபர் 8, சனிக்கிழமை. நேப்சபாட்சாக் என்ற பெரிய தினசரியின் ஊழியர்கள், அலுவலகம் மாறப்போகிறது என்று நம்பித் தங்கள் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தார்கள். புது இடத்துக்குப் பதிலாகக் கடிதம் வந்தது: வேலைக்கு வர வேண்டாம். நஷ்டம் என்றது நிர்வாகம். நஷ்டம் பொய்யில்லைதான். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் பதிப்பு நிறுவனம் கைமாறி, ஓர்பானின் நண்பர் மேசாரோஸுக்கு நெருக்கமான கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. 2018 நவம்பரில் இன்னொரு கூத்து. 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகள், சேனல்கள், இணையதளங்களை அவற்றின் முதலாளிகள் ஆளுங்கட்சிக்கு நெருக்கமான கெஸ்மா என்ற அறக்கட்டளைக்குக் காசு வாங்காமல் எழுதிக்கொடுத்தார்கள். எந்த ஊர் வியாபாரி அப்படிச் செய்வார்? அடுத்த மாதமே இது தேச முக்கியத்துவம் உள்ள விஷயம் என்று அரசு ஆணை போட்டது. அதனால் வணிகப் போட்டி ஆணையம் கேள்வி கேட்கவும் வழியில்லை. ஒரு நாட்டின் பத்திரிகைச் சுதந்திரத்தை எடைபோட நான் சட்டப் புத்தகத்தைக் கடைசியில்தான் புரட்டுவேன். முதலில் பார்ப்பது, விளம்பரக் காசு யார் கையில் என்பதைத்தான்.

கேள்வி: தகவல் கொடுத்தவர் பெயரைச் சொல்ல நிருபர் மறுக்கலாமா?

பதில்: ஸ்வீடனில் மறுத்தே ஆக வேண்டும். அவர் சம்மதமில்லாமல் சொன்னால் நிருபர்தான் குற்றவாளி. இன்னொன்றும் உண்டு. அரசு அலுவலகத்துச் சங்கதி பேப்பரில் வந்துவிடுகிறது. மேலதிகாரி கடுப்பாகி, "யாருய்யா சொன்னது?" என்று ஊழியர்களைத் துருவினால் அப்படித் துருவுவதே குற்றம், ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. தேசப் பாதுகாப்பு போன்ற விலக்குகள் இருக்கின்றன. இதற்கெல்லாம் வேர் 1766-இல் வந்த சட்டம். அதற்காக முன்னின்றவர்களில் ஒருவர் ஆண்டர்ஸ் சிடேனியுஸ் என்ற பாதிரியார்.

கேள்வி: உண்மையை எழுதினால் அவதூறு வழக்கில் ஜெயித்துவிடலாமே, பயம் எதற்கு?

பதில்: ஜெயிக்கிற வரை வக்கீலுக்கு யார் கொடுப்பது? மால்டாவின் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியா 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபோது அவர் மேல் 40-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அந்த ஆண்டுத் தொடக்கத்தில், ஓர் அமைச்சர் தொடுத்த வழக்கில் அவருடைய வங்கிக் கணக்கையே முடக்கினார்கள். அவர் இறந்த பிறகும் பல வழக்குகள் ஓயவில்லை, குடும்பத்தின் தலையில் வந்து இறங்கின. மிரட்டலுக்காகப் போடும் வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் விதி கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் எல்லை தாண்டிய வழக்குகளுக்கே அது கட்டாயம். உள்ளூர் அமைச்சர் உள்ளூர் நிருபரை உள்ளூர் கோர்ட்டுக்கு இழுத்தால், அந்தந்த நாடே மனம் வைக்க வேண்டும்.

கேள்வி: ரஷ்யாவின் ஆர்டி சேனலைத் தடை செய்தது மட்டும் நியாயமா?

பதில்: அது பிரசார சேனல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் உறுத்தல், தடை வந்த விதத்தில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அரசுகள் சேர்ந்து, பொருளாதாரத் தடையின் பாகமாக அதை நிறுத்தின. லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் நீதிமன்றம் ஜூலையில் அதைச் சரி என்றது. பிரிட்டனில் அந்த மார்ச் மாதமே சேனலின் உரிமத்தை ரத்து செய்தது ஆஃப்காம், அமைச்சரவை இல்லை. எனக்கு இரண்டாவது வழிதான் சரியென்று படுகிறது.

கேள்வி: பாரிஸ் சுவர்களில் "ஒட்டாதே, 1881 ஜூலை 29 சட்டம்" என்று எழுதியிருக்கிறதே, நோட்டீஸுக்கென்று தனிச் சட்டமா?

பதில்: அதுதான் பிரான்ஸின் பத்திரிகைச் சட்டம்! சுவரொட்டிக்கும் அதில் சில பிரிவுகள் சேர்ந்துகொண்டன. திருத்தங்களோடு இன்றும் அமலில் இருக்கிறது. தினசரி ஒருவரைப் பற்றி எழுதி, அவர் பதில் அனுப்பினால் மூன்று நாளுக்குள், அதே இடத்தில், அதே எழுத்தளவில், இலவசமாகப் போட வேண்டும். அவரைப் பற்றி வந்தது இரண்டே வரியாக இருந்தாலும் ஐம்பது வரி வரை பதில் எழுதிக்கொள்ளலாம்.