வாசகர் கேள்வி: ஒரு வேட்பாளர் நிலைப்பாட்டை மாற்றினால் நம்பலாமா?

கேள்வி: அமெரிக்காவில் குடியிருக்கும் என் மகள், ஜோ பைடன் கருக்கலைப்புச் சட்டத்தில் ஓட்டுக்காக மாறியவர் என்கிறாள். அங்கேயே பிறந்து வளர்ந்த பேத்தியோ, அவர் பெண்களின் பக்கம் வந்து சேர்ந்தவர் என்கிறாள். யார் சொல்வது சரி? நம் நாட்டில் கருக்கலைப்புக்குக் கணவரின் கையெழுத்து கட்டாயமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சிக்கு வணக்கம். நம் பக்கத்துப் பெட்டியடியில் வரவையும் பற்றையும் கலந்து எழுத மாட்டார்கள். அதுபோல ஒரு வேட்பாளரின் சொந்த நம்பிக்கை, சட்டம் பற்றிய அவர் நிலை, அரசுப் பணத்தைச் செலவிடுவது பற்றிய அவர் நிலை ஆகிய மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால்தான் வழக்கு தெளியும்.

முதலாவது பெரிதாக மாறவில்லை. கத்தோலிக்கரான பைடன், 2012ஆம் ஆண்டு துணை அதிபர் வேட்பாளர் விவாதத்திலும், தம் திருச்சபையின் போதனையைச் சொந்த வாழ்வில் ஏற்பதாகவும், அதைப் பிறர்மீது திணிக்க மறுப்பதாகவும் கூறினார்.

சட்டத்தில் அவர் மாறியது உண்மை. கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பு எல்லை மீறிவிட்டது என்று, இளம் செனட்டராக 1974இல் பேட்டியளித்தவர் அவர். அந்த உரிமையை நீக்க மாநிலங்களுக்கு வழிவிடும் அரசியலமைப்புத் திருத்தத்தை 1982இல் செனட்டின் நீதித்துறைக் குழுவில் ஆதரித்தார். மறு ஆண்டு செனட் அவையில் அதே நோக்கமுள்ள திருத்தத்தை எதிர்த்து வாக்களித்தார். இந்த மாற்றம் நடந்தபோது அவர் அதிபர் வேட்பாளர் அல்லர் என்பதை உங்கள் மகள் கவனிக்க வேண்டும்.

உண்மையில் விவாதத்துக்குரியது பணம்தான். ஏழைகளுக்கான மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டின் மத்திய அரசு நிதியைப் பெரும்பாலான கருக்கலைப்புகளுக்குச் செலவிடத் தடைவிதிக்கும் ஹைட் திருத்தம் 1976இல் வந்தது. கையில் காசுள்ள பெண்ணை அது தொடாது. இல்லாதவளுக்கோ உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும். இதைப் பைடன் பல பத்தாண்டுகள் ஆதரித்தார். 2019 ஜூன் 5ஆம் தேதி, அந்த ஆதரவு தொடர்கிறது என்று அவரது பிரசாரக் குழு சொன்னது; மறுநாளே தம் நிலை மாறியதை அவர் அறிவித்தார். கட்சிக்குள் போட்டியாளர்கள் கடுமையாகக் கண்டித்துக்கொண்டிருந்த வேளை அது. மருத்துவம் ஓர் உரிமை என்றால் அது ஒருவர் வசிக்கும் இடத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்று அவர் காரணம் சொன்னார். காரணம் நியாயமானது, ஆனால் 1976லிருந்தே ஏழைப் பெண்களுக்குப் பொருந்திய அந்தக் காரணம், வேட்பாளரான பிறகே அவர் வாயிலிருந்து வந்தது. இந்த ஒன்றில் உங்கள் மகளின் ஐயம் செல்லும். எனினும் அதிபரான பின் அவர் பின்வாங்கவில்லை. தம் நிதிநிலை முன்மொழிவில் ஹைட் திருத்தத்தை விட்டுவிட்டார். 2022 ஜூன் 24 அன்று ரோ தீர்ப்பு ரத்தானபோது அந்த உரிமையைச் சட்டமாக்குமாறு நாடாளுமன்றத்தைக் கோரினார். பதவிக்கு வந்த பின்னும் சொன்ன சொல்லில் நின்றதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆகவே என் தீர்ப்பு பேத்தியின் பக்கமே சாய்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தும் தேவை. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் கூறியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த பெண் எவரிடமாவது மருத்துவமனையில் கணவரின் கையெழுத்தைக் கேட்டால், இந்தத் தீர்ப்பின் தேதியைச் சொல்லி மறுக்கலாம்.